மாமனார் கண்ணில் ஒரு சொட்டு

கள்ளக்குறிச்சி கண் ஆஸ்பத்திரியில் நர்சு அந்த மருந்துப் புட்டியை என் கையில்தான் கொடுத்தாள். மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ஆபரேஷன் முடியும்போதே கண்ணுக்குள்ள மருந்து வெச்சிருக்கோம். ஆனாலும் புண்ணு ஆறுற வரைக்கும் கிருமி உள்ள போயிடக் கூடாது. அதுக்குத்தான் இந்த ஆன்டிபயாடிக் சொட்டு. ஒரு வேளை கூட தவற விட்டுடாதீங்க. கைய சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமைய இழுத்துப் புடிச்சு, புட்டி முனை கண்ல படாம ஒரு சொட்டு. வீட்ல யாரு ஊத்துவீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்கதானே மருமக? அப்ப நீங்கதான்" என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

மகராசி, சுலபமாகச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டு வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? தியாகதுருகத்திலிருந்து கச்சிராயபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். என் பெண்ணே காலேஜுக்குப் போய்விட்டாள், இன்னும் மாமனார் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவரும் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பேசினால் சுவரிடம்தான் பேசுவார். பயமெல்லாம் இல்லை, இரண்டு பேரும் அதை மரியாதை என்று வைத்துக்கொண்டோம். அப்படிப்பட்டவரின் தலையைப் பிடித்து, இமையை இழுத்து... நினைத்தாலே உடம்பு கூசியது.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் கரும்பு லாரி ஓட்டுகிறவர். வெட்டு நடக்கிற சமயம், ஆலை வாசலில் வண்டி வரிசையில் நின்றுவிட்டால் ராத்திரியும் பகலும் அங்கேயேதான். போன் போட்டுச் சொன்னதற்கு, "நீயே ஊத்தேன், இப்ப இன்னா?" என்றார். அவருக்கென்ன, சொல்வார்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் புட்டியக் குடும்மா. நானே ஊத்திக்கிறேன். எனக்கு இன்னா கை இல்லியா?" என்றார். அப்பாடா என்றிருந்தது. புட்டியைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடியே போனேன்.

வேளை தவறாமல் கதவோரம் நின்று ஞாபகப்படுத்துவேன். "ஊத்திக்கினேன், ஊத்திக்கினேன்" என்று பதில் வரும். தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன், மருந்து காய்ந்து திட்டுத் திட்டாக நின்றது. அவருக்குக் கை நடுக்கம் உண்டு. பாதி கன்னத்துக்கு, பாதி காதுக்கு. கண்ணுக்குள் எவ்வளவு போனது என்பது சாமிக்குத்தான் வெளிச்சம்.

"மாமா, கீழ வழியுது போலருக்கே" என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து.

"எல்லாம் எனக்குத் தெரியும், போ." ஒரே அதட்டல். போய்விட்டேன்.

அவருக்கு இருப்பதே அந்த ஒரு கண்தான். இடது கண்ணை வாலிப வயசிலேயே கரும்பின் காய்ந்த சோகை இலை கிழித்துவிட்டது. இதுவும் போனால் மனுஷன் கொல்லைக்குப் போகக்கூட யாராவது கையைப் பிடிக்க வேண்டும். யார் கையை? என் கையைத்தான். இதை யோசித்துக்கொண்டேதான் நான் கதவுக்குப் பின்னாலும் நின்றேன். அப்படி ஒரு வெட்கம்!

ஒரு நாள் காலையில் காபி கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து, ஓரத்தில் பீளை கட்டியிருந்தது.

"வலிக்குதா மாமா?"

"கூசுது. நேத்து வாசல்லேர்ந்து மலை நல்லாத் தெரிஞ்சுது. இன்னிக்கு ஒரே மங்கலா இருக்குது."

கையில் கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு அவரை டவுன் பஸ்ஸில் ஏற்றினேன்.

டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்தார். "கிருமி புடிக்க ஆரம்பிச்சிருக்கு. நல்லவேளை, இன்னும் உள்ள இறங்கல. இறங்கினா பார்வையே போயிடும். மருந்து மாத்தித் தரேன், மணிக்கு ஒரு தடவ ஊத்தணும். இத்தன நாள் யாரு ஊத்தினது?"

மாமனார் என் பக்கம் கையைக் காட்டினார். "மருமகதான்."

"ஏம்மா, பெரியவர்னா அவ்ளோ அலட்சியமா? ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு இருக்கிற மனுஷன். ஒரு சொட்டு ஊத்த உங்களுக்கு நேரமில்லையா?"

கதவு திறந்தே கிடந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி உச்சுக் கொட்டி, "இந்தக் காலத்து மருமவளுங்க" என்றாள். என் மானமே போச்சு. நான் ஊற்றவில்லை, அவரே ஊற்றிக்கொண்டார் என்று சொல்லியிருக்கலாம். ஏன் ஊற்றவில்லை என்று அடுத்த கேள்வி வருமே? மாமனாரைத் தொட வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கண்ணைக் கெடுக்கப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். வழியெல்லாம் எனக்கு அப்படி ஒரு கோபம். கிழவன் எத்தனை லேசாகக் கையைக் காட்டிவிட்டான் என்று மனசுக்குள் மரியாதையில்லாமல் திட்டினேன். திட்டிவிட்டு அதற்கும் சேர்த்துக் கூனிக் குறுகினேன்.

வீட்டில் அவர் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுப் புட்டியோடு கதவோரம் நின்றேன். புட்டியைக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

"வாம்மா" என்றார்.

போனேன். நெற்றியில் கை வைத்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்குக் காது வரை சுட்டது.

"தொறங்க மாமா. மேல பாருங்க."

திறந்தார். மேலே என் முகம்தான் இருந்தது. அவருக்குப் பார்க்க வேறு இடமில்லை. இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டேன்.

"அத்தன பேர் எதிர்லயும் உம்மேல பழியப் போட்டுட்டனேம்மா" என்றார். அந்தக் கண் நிரம்பி, சொட்டு விட்ட மருந்தோடு காதுப் பக்கம் வழிந்தது.

"அழுவாதீங்க மாமா. மருந்தெல்லாம் வெளிய வந்துடும்."

அவரால் அடக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கழுவிய கையாயிற்றே, அதைக் கொண்டு துடைக்கக் கூடாது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும் வரை நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன். பிறகு இன்னொரு சொட்டு ஊற்றினேன். அது உள்ளே நின்றது.