கசந்த பீர்க்கங்காய்

ஆறாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்ட பிறகு நான் வீட்டை விட்டு வெளியே போகாமலே இருந்தேன். என் கணவர்தான் எங்கள் ஊர் ஸ்கூடாய் சந்தையில் பீர்க்கங்காய் விதை வாங்கி வந்து, "சும்மா போட்டுப் பாரு லா" என்றார். நான்கு விதைகளில் ஒன்றுதான் முளைத்தது. வேலியில் கயிறு கட்டி அதைப் படரவிட்டேன்.

முதல் காயைப் பறித்துக் கூட்டு வைத்தேன். எனக்கு அன்று பசியில்லை. அவர் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டார். "நல்லா இருக்கா?" என்றதற்குத் தலையாட்டினார்.

சற்று நேரத்தில் அவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. மருத்துவமனையில் அவர் சாப்பிட்டதைச் சொன்னதும், "காய் கசந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரொம்ப" என்றார் அவர்.

கசக்கும் பீர்க்கங்காயில் நஞ்சு உண்டு, சமைத்தாலும் போகாது என்றார் டாக்டர்.

"ஏங்க சொல்லல?" என்று அழுதேன்.

"பிள்ள போனதுக்கப்புறம் நீ ஆசையா வளர்த்தது அது ஒன்னுதான். கசக்குதுன்னு எப்படிமா சொல்வேன்?" என்றவர் உடைந்து அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் அது பிள்ளைதானே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டு நாளில் வீடு திரும்பினார். கொடியைப் பிடுங்கிவிட்டேன். இப்போது எந்தப் பீர்க்கங்காயையும் நறுக்கும்போதே சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறேன். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுகிறேன். மாலையில் அவர் வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கிறேன். "பரவால்ல" என்றால் விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்கிறேன்.