கொள்ளுத்தாத்தாவின் மீசை

கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் நெடுநாள் வேலை. ஆளை எதிரே உட்கார வைத்து, கண்மணிகளுக்கு நடுவே ஸ்கேல் பிடித்து அளந்து, பிரேமைச் சூடு காட்டி வளைத்துக் காதில் மாட்டிவிடுவாள். கை வேலை செய்யும்போது வாயும் சும்மா இருக்காது. "சார், உங்க மூக்குக்கு பிரேம் போதாது, ஜன்னல்தான் அடிக்கணும்" என்பாள். கேட்டவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது கண்ணாடிக்கும் சொல்லிவிட்டுப் போவார்.

நாள் முழுக்க ஊரார் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவளுக்குத் தன் அப்பாவின் முகம் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அவள் பிறக்கும் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போனவர் ஒரு போட்டோவையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிற மனுஷன். கல்யாணப் படத்தில்கூட, சரியாக எடுக்கிற நேரம் பார்த்து, கழன்ற செருப்பைத் தேடிக் குனிந்துவிட்டார். மாப்பிள்ளையின் உச்சந்தலை மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

அம்மா உயிரோடு இருந்தவரை ஒரே பதில்தான் சொல்வாள். "பெரியப்பா வீட்டு ஹால்ல உன் கொள்ளுத்தாத்தா படம் இருக்கில்ல, அதைப் பாரு. உங்கப்பாவை உரிச்சு வச்சாப்ல இருக்கும்."

அவளும் எத்தனையோ தடவை போய்ப் பார்த்துவிட்டாள். கொள்ளுத்தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். ஆனால் முகம் எங்கே? கன்னம் வரை படர்ந்த அந்த மீசையைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வைத்துப் பொறுமையாகப் பார்த்தால் அப்பா அகப்படுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பெரியப்பாவோ படத்தை ஆணியைவிட்டு இறக்க விடமாட்டார்.

அந்தப் பெரியப்பாவும் போனார். அடுத்து படம் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. படம் மூத்தவருக்குப் போகாது, ஜாடை உள்ளவருக்குத்தான் போகும். சொந்தபந்தம் கூடி, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். பெரியப்பாவுக்கே அது மீசையால் கிடைத்ததுதான்.

பெரியப்பா மகனும் விவரமான ஆள். லாரி ஆபீஸ் நடத்துகிற அண்ணன், அப்பா படுக்கையில் விழுந்ததுமே மீசை வளர்க்க ஆரம்பித்திருந்தார். கூடிய அன்று அதற்கு எண்ணெய் தடவி முறுக்கிக்கொண்டு வந்து, படத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

"அச்சு அசல்" என்றார் சித்தப்பா.

கண்ணாடிக்காரி ஓர் அடி முன்னால் வந்தாள். "நானும் நிக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

"நீயா? முதல்ல மீசை வளத்துட்டு வாம்மா" என்றார் அண்ணன். ஹாலே சிரித்தது.  இந்தப் படமும் போனால் அப்பாவைத் தேட அவளுக்கு வேறு இடம் கிடையாது.

தீர்ப்பு சொல்ல வேண்டியவள் அத்தை. அப்பாவோடு பிறந்த ஒரே தங்கை. மடியில் படத்தை வைத்துக்கொண்டு, மூக்கு நுனிக்குச் சறுக்கும் கண்ணாடியை ஏற்றி ஏற்றி அலுத்துப்போயிருந்தாள். அந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டிருக்க கண்ணாடிக்காரியால் முடியவில்லை. இருக்கிற துக்கத்திலும் தொழில் விடுமா? "குடுங்க அத்தை" என்று வாங்கி, காதுப்பக்கம் வளைத்து, முன்னால் மண்டியிட்டு மாட்டிவிட்டாள்.

கண்ணாடி நிலைத்து நின்றது. அத்தை எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த படத்தைப் பார்த்தாள். கட்டைவிரலைக் குறுக்கே வைத்து, கொள்ளுத்தாத்தாவின் மீசையை மறைத்தாள்.

"எல்லாரும் இங்க வாங்க" என்றாள்.

வந்து எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் கோணலான மேலுதடு, எதையோ சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்குகிற வாய். மண்டியிட்டிருந்தவளின் வாய்தான் அது.

"எங்கண்ணன், இவ அப்பா, மீசையே வச்சதில்லடா. குத்துதுன்னு இவ அம்மா வைக்க விடல" என்றாள் அத்தை, அழுகையும் சிரிப்புமாக. "இதோ பாரு, அவனேதான். இத்தனை நாளா மயிரைப் பார்த்து ஜாடை சொல்லிட்டிருந்திருக்கோம்."

அண்ணன் கை தானாகத் தன் மீசைக்குப் போனது. "அப்ப நான் இதுக்குத் தடவின எண்ணெயெல்லாம் வீணா?" என்றார். எல்லோரும் சிரித்து முடித்ததும், படத்தை அவரே தன் துண்டில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஒரு சாம்பல்நிறக் காகிதத் துண்டை வெட்டிப் படத்தின் கண்ணாடிமேல், சரியாக மீசை இருக்கும் இடத்தில் ஒட்டியது. புருஷன் பதறிப்போனார். "உன் கொள்ளுத்தாத்தாவுக்கு ஷேவிங் பண்ணிட்டியா? உங்க ஆளுங்க பார்த்தா வெட்டுவாங்க."

"அவங்க வர்றப்ப பிச்சிடலாம். அவங்க போனப்புறம் திரும்ப ஒட்டிக்கலாம்" என்றாள்.

மறுநாள் கடை அடைத்துத் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. பையை வைத்துவிட்டுப் படத்துக்கு எதிரே போய் நின்றாள். எந்த முகத்தைப் பார்த்தும் அவள் சொல்லியிராத ஒரு சொல் இருந்தது. சொல்ல வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு, வேலைவிட்டு வருகிற மகள்கள் எல்லோரும் வாசலில் சொல்வதையே அவளும் சொன்னாள்.

"அப்பா, நான் வந்துட்டேன்."