அழித்துவிட்ட படம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அழகுமீனா கம்ப்யூட்டர் டீச்சர். செல்போனில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று வாரம் ஒரு வகுப்பு எடுப்பாள். ஊர்ப் பெயரைப் போடாதே, அப்பா நம்பரைப் போடாதே, முகம் தெரியப் படம் போடாதே என்று அவள் அடித்துச் சொல்வதைக் கேட்டால், பேயைப் பார்த்தவள் பேசுகிற மாதிரி இருக்கும். பார்த்தவள்தான்.

அந்தப் பேய்க்குப் பதினைந்து வயது, ரெட்டைச் சடை, பள்ளிச் சீருடை. பெயர் ரோஷினி. ரோஷினி ஒன்றும் செத்துப்போகவில்லை. இப்போது பத்தொன்பது வயது, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். அவளுடைய பழைய படம்தான் இன்டர்நெட்டில் அலைகிறது. ஒரு நாள் ‘நிஷா, மதுரை’ என்று இருக்கும். இன்னொரு நாள் வேறு ஏதோ பெயரில் ‘பேசலாமா’ என்று கூப்பிடும். அழகுமீனா தினமும் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அந்த முகத்தைத் தேடுவாள். கண்டால் புகார் கொடுப்பாள். போகும். பத்து நாளில் அதே சிரிப்போடு திரும்ப வந்து நிற்கும். எத்தனை முறை பால் பொங்கி வழிந்திருக்கிறது என்று அவளுக்கே கணக்கில்லை.

நான்கு வருடத்துக்கு முந்திய சங்கதி. மாவட்ட அறிவியல் கண்காட்சியில் ரோஷினிக்கு முதல் பரிசு. இந்தப் பக்கத்தில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், சடங்குக்கும் ஃபிளெக்ஸ். பிள்ளை முகத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே தெருப் பெயரும் தகப்பன் செல் நம்பரும் போடாவிட்டால் யாருக்கும் மனசு ஆறாது. நம்பர் இல்லாமல் எப்படி வாழ்த்துச் சொல்வது என்பார்கள். அழகுமீனாவும் அந்தப் பழக்கத்திலேயே பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ரோஷினியின் படம், பெயர், ஊர், அப்பா முனியசாமியின் நம்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், பாவி.

மறுநாள் மத்தியானம் முனியசாமியின் வாட்ஸப்புக்கே, மகளின் முகத்தை வைத்துக் கேவலமாக மாற்றிய படம் ஒன்று வந்து சேர்ந்தது. அவர் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிவந்தார்.

“எம் மக எவன்ட்டயோ போட்டோ குடுத்திருக்கா. இவ படிச்சுக் கிழிச்சது போதும். டி.சி.யக் குடுங்க.”

அவர் ஆபீஸில் கத்திக்கொண்டிருக்கும்போதே அழகுமீனா லேபில் உட்கார்ந்து அந்தப் பதிவை அழித்தாள். பிறகு வெளியே வந்து கைகட்டி நின்றாள். நான்தான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். டி.சி.யை வாங்கிக்கொண்டு அப்பா பின்னால் போன ரோஷினி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

போன வாரம் வகுப்பில் கீர்த்திகா என்ற பிள்ளை எழுந்தது.

“மிஸ், தெரியாமப் போட்டுட்டா என்ன செய்யணும்?”

“ஒடனே அழிச்சிரணும்.”

“அழிச்சிட்டா, யாரு போட்டதுன்னு அப்புறம் எப்படி மிஸ் தெரியும்?”

மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகும் அழகுமீனா அதே இடத்தில் நின்றாள். படம் பரவியதைத்தான் இத்தனை நாளும் நினைத்து வெந்துகொண்டிருந்தாள். அழித்ததைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ரோஷினி வீட்டுக்குப் போனாள். ரோஷினி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பூச்சு.

“வாங்க மிஸ். சாப்பிட்டீகளா?”

அந்த மரியாதை அழகுமீனாவைச் சுட்டது.

“அன்னைக்கு ஒம் போட்டோவ வெளிய போட்டது நாந்தாம்மா. பயந்துபோய் ஒங்கப்பாகிட்ட சொல்லாம விட்டுட்டேன்.”

“தெரியும் மிஸ்,” என்றாள் ரோஷினி, ஒரு சட்டையை உதறிக்கொண்டே. “அம்மா போன்ல மொத லைக் போட்டதே நாந்தான். அப்பா அடிக்கும்போது சொன்னேன், மிஸ்தான் போட்டாக, வேணும்னா பாருங்கன்னு. அப்பா தொறந்து பாத்தாக. அங்கன ஒண்ணுமில்ல. படிப்புச் சொல்லிக் குடுத்த டீச்சர் மேலயே பழியப் போடுறியான்னு அதுக்கும் சேத்து அடிச்சாக.”

அழகுமீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரோஷினி அழவில்லை. வாளியை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

“அப்பா உள்ளதான் இருக்காக. எங்கிட்ட சொன்னத அவுககிட்ட சொல்லுங்க மிஸ். வாங்க.”