என் வாயில் அந்தச் சொல்லை வைத்தவர்

என்னோடு செபிக்க வந்திருக்கும் சகோதரங்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்கள் முன்னால் சொல்கிறேன்.

1996ஆம் ஆண்டு, தவக்காலம். பித்தப்பையில் கல் என்று இத்தாலியில், பலர்மோ நகரத்தில் எனக்குச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பல மாதம் காத்திருந்து கிடைத்த நாள். நோ எழும்பினால், அங்கே கால்சாப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டின் குசினித் தரையிலேயே சுருண்டு படுத்துவிடுவேன். வீட்டுக்கார சிஞ்ஞோரா பயந்துபோவார்.

அந்த நேரம் பார்த்துத் தொண்டை தொடங்கியது. சோறு விழுங்கும்போது ஏதோ இடறியது. குரல் கம்மியது. மல்லாந்து படுத்தால் யாரோ கழுத்தை அமத்துவது போல இருந்தது. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். குறையவில்லை.

வைத்தியரிடம் சொல்லும்படி கணவர் அன்ரன் கேட்டார். நான் மறுத்தேன். சொன்னால் சத்திரசிகிச்சை நாளைத் தள்ளிப்போடுவார்கள். அந்த நோவை இன்னும் தாங்க என்னால் முடியாது. புற்றுநோயாக இருக்குமோ என்ற நினைப்பும் வந்தது. ஆனால் பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளே எல்லாம் விறைத்துப்போயிருந்தது. பாத்திரம் கழுவினேன். பல்லரோச் சந்தையில் மீன் வாங்கினேன். செபமாலையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"ஆண்டவரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்களே பாருங்கோ."

இவ்வளவுதான் என் மன்றாட்டு. மிச்சத்தை அன்ரன் முழந்தாளிட்டு எனக்கும் சேர்த்துச் செபித்தார்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், மயக்க மருந்து கொடுக்கும் பெண் வைத்தியர் வந்தார். அவர் கேட்டதை அன்ரன் தமிழில் சொன்னார். உடம்பில் புதிதாக ஏதும் வருத்தம் உண்டா என்பது கடைசிக் கேள்வி. அன்ரன் என் முகத்தைப் பார்த்தார்.

"நீரே சொல்லும். பொய்யை நான் இத்தாலியனிலை சொல்லமாட்டன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கோலா" என்று வந்தது. தொண்டைக்கு இத்தாலியர் சொல்லும் சொல். அதை நான் நினைத்துச் சொல்லவில்லை. என் கையும் தானாகக் கழுத்துக்குப் போனது.

வைத்தியர் என் கழுத்தைத் தடவினார். படுக்கச் சொல்லி மூச்சைக் கவனித்தார். அன்றைக்கே படம் எடுத்தார்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கழலை இறங்கி வளர்ந்து மூச்சுக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. தெரியாமல் மயக்கியிருந்தால், மூச்சுக்குக் குழாய் போட முடியாமல் போயிருக்கலாம் என்றார் வைத்தியர். அதை எனக்குச் சொல்லும்போது அன்ரன் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

"நாளைக்கு உம்மை இழந்திருப்பன்" என்றார்.

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பித்தப்பைச் சிகிச்சை தள்ளிப்போனது. எது நடக்கக்கூடாது என்று வாய் மூடி இருந்தேனோ, அதுவே என்னைக் காப்பாற்றியது. கழலையை முதலில் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. மயக்கம் தெளிந்ததும், குரல் இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது சொல்லும்படி வைத்தியர் கேட்டார். "இயேசுவே" என்றேன். கரகரத்த குரல்தான். அதைக் கேட்ட பிறகே அழுதேன். நிறுத்த முடியவில்லை. கோடை முடிந்து பித்தப்பையையும் எடுத்தார்கள். இன்று சுகமாக இருக்கிறேன்.

இப்போது ஊரிலிருந்து புதிதாக வந்த எங்கள் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் நானும் கூடப் போகிறேன். எதையும் மறைக்கவேண்டாம் என்று சொல்லுவேன்.

சகோதரங்களே, நெஞ்சு மரத்துப்போய்ச் செபம் வரவில்லை என்று யாரும் விலகி நிற்காதேயுங்கள். ஒன்றும் உணராமல் நான் சொன்ன அந்த இரண்டு வசனத்தையும் அவர் கேட்டார். உங்களிடம் இருப்பது அவ்வளவுதான் என்றால், அதையே கொண்டு வாருங்கள்.