பேயாண்டி மகனுக்கு வைத்த பேர்

மதுரைக் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஹிட்லரைத் தெரியாத ஆள் அன்றைக்கு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஆமாம், பேரே அதுதான். பட்டப்பேர் இல்லை, பெற்ற தகப்பன் பேயாண்டி ஆசையாசையாக வைத்த பேர். ரேகைச் சட்டம் என்று வெள்ளைக்கார அரசாங்கம் ஒன்றைப் போட்டு, மதுரைக்கு மேற்கே ஊர் ஊராக ஆம்பளைகளைப் பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்திருந்த காலம். பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரேகை பதித்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். அப்படி வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்த மனுஷன் பேயாண்டி. அந்த வெள்ளைக்காரனை எங்கோ ஒருத்தன் போட்டுப் புரட்டுகிறான் என்று சண்டைச் சேதி வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? பிள்ளை பிறந்ததும் அந்தப் பேரையே வைத்துவிட்டார்.

மகன் அந்தப் பேரை வைத்தே பிழைத்தான். மூக்குக்குக் கீழே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "ஐ ஆம் ஹிட்லர்!" என்று ஒரு சல்யூட் அடிப்பான். சில பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒருமுறை ஓர் இளைஞன் காலடியில் காறித் துப்பிவிட்டே போனான். "கிறுக்குப் பய" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான் நம்ம ஆள். ஏன் துப்பினான் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்! அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் லோட்டே என்ற அம்மாள் வந்தார். அறுபது வயசு இருக்கும். லண்டனில் குடியிருக்கிறவர்.

"கோயில் வேண்டாம். செல்லூருக்கு நடந்தே கூட்டிப்போக முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அதுக்கென்னம்மா, போகலாம். எந்த நாடு?"

"பிறந்தது ஜெர்மனி."

அடடா, நம்ம சரக்கு எடுபடும் என்று ஹிட்லரின் விரல் மூக்குக்குப் போய்விட்டது. அதற்குள் அந்த அம்மாளே பேச ஆரம்பித்தார்.

"நாங்கள் யூதர்கள். என் அண்ணன் டாக்டர். ஹிட்லர் ஆட்சியில் யூதர் யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்றார்கள். அண்ணன் தப்பி இந்த ஊருக்கு வந்தான், நான் லண்டனுக்குப் போனேன். அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். எங்களைப் போல லட்சம் லட்சமாகக் கொன்றார்கள். யூதராகப் பிறந்தது ஒன்றுதான் குற்றம். அண்ணன் சண்டை முடிந்து லண்டனுக்கு வந்தான், போன வருஷம் இறந்தான். மதுரையைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவன் விட்டுப்போன காகிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவன் இருந்த இடமெல்லாம் நடந்து, அங்கங்கே நின்று, செத்தவர்கள் பேரைச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறேன்." பிறகு கேட்டார், "உங்கள் பேர் என்ன?"

மூக்குக்குப் போன விரல் மீசையைத் தடவிக்கொண்டு இறங்கியது.

"பாண்டி" என்றான்.

புளுகத் தெரியாத ஆளா அவன்? தூணுக்கு ஒரு கதை கட்டுகிறவன். ஆனால் இந்த ஒரு பொய்யைச் சொன்னதும் அவனுக்கு வேர்த்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஊரே அவனைக் கூப்பிட்டது. பூக்கடையிலிருந்து ஒருத்தி கூப்பிட வாயெடுத்தாள், கையெடுத்துக் கும்பிட்டு அடக்கினான். பாலம் தாண்டிச் செல்லூர்ச் சந்துக்குள் நுழைந்ததும் ரிக்‌ஷாக்காரன் சங்கிலி, "ஏ ஹிட்லரு மாப்ள! யாருப்பா அந்தம்மா?" என்று தொண்டை கிழியக் கத்தினான். நல்லவேளை, இரண்டு பக்கமும் விசைத்தறி போட்ட இரைச்சலில் அது அந்த அம்மாள் காதில் விழவில்லை.

அண்ணன் குடியிருந்த வீடு இப்போது தறிக்கூடமாகியிருந்தது. அதன் முன்னால் லோட்டே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்பா, அம்மா, தங்கச்சி பேரை ஒவ்வொன்றாகச் சொன்னார். "எரிக். கிளாரா. இல்ஸே." பிறகு அவன் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒருமுறை சொல்வீர்களா? எனக்குப் பின்னால் சொல்ல ஆள் இல்லை" என்றார். அவனும் சொன்னான். செத்தவர்கள் பேரைத் தன் வாயால் சொல்லச் சொல்ல, அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"சண்டை வந்ததும் ஜெர்மனிக்காரன் என்று அண்ணனையும் எதிரிக் கணக்கில் எழுதிவிட்டார்கள்" என்றார் அந்த அம்மாள். "ஊருக்குள் இருக்கக் கூடாது என்று மேற்கே ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். தினமும் சாயங்காலம் அங்கே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஊர்ப் பேர் புளியங்கரைப்பட்டி."

அவன் பிறந்த ஊர் அதுதான். டவுனில் நாலு பேரைக் கும்பிட்டு அடக்கலாம், சொந்த ஊரில் எத்தனை வாயைப் பொத்துவது? பஸ் கிடையாது என்றான். ரோடு சரியில்லை என்றான். "அப்படியானால் நடப்போம்" என்றார் அந்த அம்மாள். அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு, காளவாசலில் பஸ் ஏற்றினான்.

புளியங்கரைப்பட்டி ஸ்டேஷன் முன்னால் போய் நின்றதுதான் தாமதம், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்த அவன் அம்மா ஒச்சாயி தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"ஏ ஹிட்லரு! வெள்ளக்காரம்மாவக் கூட்டியாந்துட்டு வீட்டுக்கு வராம இங்க என்னய்யா நிக்கிற?"

தறி இரைச்சலா இருக்கிறது அங்கே? ஈ பறந்தால் கேட்கும். லோட்டே அவனைப் பார்த்தார். ஸ்டேஷன் படியில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"யாருய்யா இவுக?" என்றாள் ஒச்சாயி.

"இங்கன கையெழுத்துப் போட்ட ஜெர்மன் டாக்டரு தங்கச்சிம்மா."

"அடி ஆத்தீ! அவரு தங்கச்சியா நீ, தாயி!" ஒச்சாயி தழையைக் கீழே போட்டுவிட்டு லோட்டேயின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "உங்கய்யா நிக்கிற வரிசையிலதான்ப்பா அவரும் நிப்பாரு. நீ பெறந்து முப்பது நாள் தீட்டுக் கழிச்சு, உன்னயத் தூக்கியாந்து அவரு கையிலதான் குடுத்தாரு உங்கய்யா. 'சாமி, ஒங்க ஊரு ராசா பேரத்தான் எம்மகனுக்கு வச்சிருக்கேன்'னாரு. அம்புட்டுதான், அந்த மனுசன் கண்ணுல பொலபொலன்னு தண்ணி! தன் ஊரு ராசா பேருன்னதும் எம்புட்டுச் சந்தோசம் பாரேன். சொல்லுய்யா, அந்தம்மாகிட்டச் சொல்லு."

யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் தன்னைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார் என்று மட்டும் அவன் கேட்டிருந்தான். எந்த டாக்டர், எதற்கு அழுதார் என்று அவன் என்றைக்கு விசாரித்தான்?

"என்ன சொல்கிறார்கள்?" என்று லோட்டே கேட்டார்.

"உங்க அண்ணன் ரொம்ப நல்லவர்னு சொல்றாங்க."

"இவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் சொன்னான். ரேகைச் சட்டத்தை, அப்பா படுத்துக் கிடந்ததை, பேர் வைத்ததை, டாக்டர் கையில் கொடுத்ததை, கண்ணீரை, அதைச் சந்தோஷம் என்று அம்மா இன்றைக்கு வரைக்கும் நம்பிக்கொண்டிருப்பதை, ஒன்று விடாமல் சொன்னான். கோபுர வாசலில் தான் அடிக்கிற சல்யூட்டையும் சொன்னான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை. சொல்லாமல் நிற்க முடியவில்லை அவனால்.

லோட்டே ஒச்சாயி பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேரைக் கேட்டதும், அண்ணன் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டானா? உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்."

கேட்டான்.

"எங்க குடுத்தாரு!" என்றாள் ஒச்சாயி. "கை அப்புடி நடுங்குச்சு. கீழ போட்டுருவாரோன்னு நான் வாங்கப் போனேன், குடுக்க மாட்டேன்னுட்டாரு. உங்கய்யா ரேகை வச்சுட்டு வார வரைக்கும் நெஞ்சோட அணைச்சே வச்சிருந்தாரு."

அதையும் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தான். பாதியைச் சைகையால்தான் காட்டினான், இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து. லோட்டே அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எழுந்திருக்க உதவச் சொல்லி அவன் பக்கம் கையை நீட்டினார்.

அதைப் பிடிக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டடி பின்னால் போய்விட்டான். "என்னய்யா மரம் மாதிரி நிக்கிற?" என்று அவனை ஏசிக்கொண்டே ஒச்சாயிதான் போய் அந்த அம்மாளைத் தூக்கிவிட்டாள்.