யாரிடமும் சொல்லாதது

உதடுகளுக்கு நடுவே இரண்டு மூன்று குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் தையலக்கா அளவெடுப்பாள். பேச்சுக் கொடுத்தால் ஒரு "ம்" வரும், அவ்வளவுதான். எந்தக் கல்யாணப் பெண்ணுக்கு வயிறு லேசாக மேடிட்டிருக்கிறது, எவள் முதுகில் பெல்ட் தழும்பு இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பக்கத்து மெஷினில் உட்காரும் தங்கைக்குக்கூடத் தெரியாது. "அடுத்தவங்க ஒடம்பு. அதுல நாம பேச என்ன இருக்கு?" என்பாள்.

தன் உடம்பு விஷயத்திலும் அப்படித்தான். இடது அக்குளுக்குக் கீழே பட்டாணி போல ஒரு கட்டி தட்டுப்பட்டபோது கணவனிடம் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போகவும் கால் எழவில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, போனில் தேடினாள். தேடியதை உடனே அழித்தாள்.

மறுநாளே வீட்டிலிருந்த திரைகளுக்கெல்லாம் விஷயம் தெரிந்துபோயிற்று. டிவியில் நெட்டில் ஓடிய பாட்டுக்கு நடுவே மார்பகப் பரிசோதனை விளம்பரம். கணவனின் போனில் மொட்டைத் தலையோடு சிரிக்கும் ஒரு பெண். "என்னடி இது, இந்தம்மா என் பின்னாடியே வருது?" என்று அவன் சிரித்தான். ஹால் சுவரில் இன்டர்நெட் பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

கடைசியில் இன்டர்நெட் கம்பெனிக்கே போன் போட்டாள். "நான் என்ன பாக்கறேன்னு நீங்க ஏன் பாக்கறீங்க?"

மறுமுனைப் பெண்ணின் குரலில் தேன் வழிந்தது. "நீங்கதான் சம்மதம் குடுத்திருக்கீங்களே மேடம், கனெக்‌ஷன் எடுக்கும்போதே."

"என்னை யாரு கேட்டா?"

"கேட்டிருக்கோம் மேடம். வேணாம்னா இப்பவே நிறுத்திடறேன். ஆனா போனது போனதுதான்." சற்றுத் தயங்கி, அதே குரலில், "ஒடம்பப் பாத்துக்கோங்க மேடம்" என்றாள்.

தையலக்கா தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "அம்மா, அப்பா போன்ல வர்ற அதே பொம்பள என் போன்லயும் வர்றா. நம்ம வீட்ல யாரும்மா இதத் தேடினது?"

தையலக்கா மகளை உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அவள் விரல்களைப் பிடித்துத் தன் இடது அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, மெல்ல அழுத்தினாள்.