மேசையில் வைத்த கத்தி

நேற்றும் மச்சான் போன் எடுத்தார்.

"டேய், கிடைச்சுதோ?"

"இல்லை."

"நானும் பாக்கிறன். நீயும் பார்."

வைத்துவிட்டார். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு நாளும் இதே கதைதான்.

தொலைந்தது ஒரு மடக்குக் கத்தி. பழையது. நுனியும் இல்லை. அதற்கு இவ்வளவு தேடுதலா என்று கேட்பீர்கள். என் மனைவியும் முதலில் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. நன்றாகத் தேடுங்கோ என்கிறாள். ஏன் என்று சொல்கிறேன்.

பேப்பரில் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்குக் கத்திப் பைத்தியம். பெரிய கத்தி இல்லை. மடித்துச் சட்டைப் பையில் போடுகிற சின்னக் கத்தி. எங்கள் பக்கம் வில்லுக்கத்தி என்போம். கொக்கிளாயில் களப்பில் மீன் பிடிக்கிறவனுக்கு அது இல்லாமல் முடியாது. கயிறு வெட்ட வேண்டும். சிக்கின வலையைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒன்று போதும்தான். என்னிடம் எத்தனை இருக்கின்றன என்று வீட்டில் யாரும் எண்ணுவதை நான் விரும்புவதில்லை.

என்னைப் போல வேறு சிலரும் இருக்கிறார்கள். வன்னி முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒருவர் சலூன் வைத்திருக்கிறார். இன்னொருவர் பஸ் கண்டக்டர். வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு குரூப். கத்திப் படம் போடுவோம். பிறகு அந்தக் கத்தியால் வீட்டில் நடந்த கூத்தைப் போடுவோம்.

சலூன்காரரின் நல்ல கத்தியை மனைவி எடுத்துப் பூசணிக்காயில் இறக்கிவிட்டார். கத்தி உள்ளே போய்ப் பாதி மடங்கி நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் கறி இல்லை. கண்டக்டரின் கத்தி சாரத்தோடு சேர்ந்து வாஷிங் மெஷினுக்குள் போனது. மெஷின் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். மனிதர் கேட்ட முதல் கேள்வி — "கத்திக்கு ஒண்டுமில்லையோ?" அவருக்கு அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் குரூப்பில் கும்பிடு போட்டோம்.

இப்படி ஆட்கள்.

அதில் ஒருவர்தான் மச்சான். என் மனைவியின் அண்ணன். எங்கள் கரையில் பிறந்தவர். கலியாணம் கட்டிப் பூவரசங்குளம் போய்விட்டார். அங்கே கடல் ஏது? வயல் செய்கிறார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. வாடா, போடா என்றுதான் பேச்சு.

இனி ஒரு வழக்கம் சொல்ல வேண்டும். கத்தியை நாங்கள் ஆளின் கையில் கொடுப்பதில்லை. கீழே வைப்போம். மற்றவர் எடுப்பார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. வள்ளத்திலும் அப்படித்தான். குறுக்குப் பலகையில் வைப்போம். எடுப்பார்கள்.

போன வருசம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். இரண்டு பேரும் வள்ளத்தில் போனோம். திரும்பி வரும்போது கயிறு ஒன்று மோட்டர் விசிறியில் சுற்றிவிட்டது. மோட்டர் நின்றது. மழைக்காலம். களப்பு கடலோடு சேருகிற வாய் உடைத்திருந்தது. தண்ணீர் கடல் பக்கம் இழுத்தது. மச்சான் குனிந்து தண்ணீருக்குள் ஒரு கையை விட்டார். மற்றக் கையைப் பின்னால் நீட்டி, "கத்தி" என்றார்.

உள்ளங்கையில் வைத்தேன்.

வெட்டினார். வீட்டுக்கு வந்தோம்.

அந்தக் கத்தி என்னிடம் இருந்ததில் நல்ல கத்தி. மடுத் திருவிழாக் கடையில் வாங்கியது. மாட்டுக் கொம்புப் பிடி. திறந்தால் டக் என்று நிற்கும். மச்சானுக்கு அதை விட மனமில்லை. "கொஞ்ச நாள் வச்சிருக்கட்டே?" என்றார். கயிற்றை வெட்டி ஆளைக் கரை சேர்த்தவர். எப்படி மறுப்பது? கொண்டு போனார்.

சில கிழமைக்குப் பிறகு குரூப்பில் ஒரு படம் வந்தது. என் கத்தி. நுனியைக் காணவில்லை. உழவு மெஷின் பற்றரியின் திருகாணியைக் கழற்றப் போய் முறித்திருக்கிறார். முறித்ததோடு விட்டாரா? கிரைண்டரில் பிடித்து, முறிந்த இடத்தை வட்டமாக்கி, எண்ணெய் போட்டு, படமும் எடுத்து... கீழே எழுதியிருந்தார்: "இப்ப இன்னும் வடிவு."

கத்தியை ஸ்குரூட்றைவராகப் பாவிப்பது எங்கள் ஆட்களுக்கு எப்படிப்பட்ட விசயம் என்று உங்களுக்குச் சொன்னாலும் விளங்காது. குரூப்பில் நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. ஒரு வரி போட்டேன்.

"உனக்கு மண்வெட்டிதான் சரி."

சலூன்காரர் சிரிக்கிற முகம் போட்டார். கண்டக்டர் இரண்டு முகம் போட்டார். மச்சான் குரூப்பை விட்டுப் போனார்.

பிறகு போன் இல்லை. நத்தாருக்கு வரவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கும் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. என் கத்தி, என்னுடைய கோபம் என்று இருந்தேன். அதுவும் நாள் போகப் போகக் களைப்பாகத்தான் இருந்தது. கோபத்தை வைத்திருப்பதும் ஒரு வேலைதானே?

இதற்குள் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. கோயிலில் கலியாண அறிவித்தலும் ஒரு தரம் வாசித்தாயிற்று.

"அண்ணனுக்கு நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் மனைவி.

"கார்ட் போகும்தானே."

"கார்ட் போகும். ஆள் வராது."

பெண் வீட்டிலிருந்து கோயிலுக்கு வெளிக்கிடும்போது தாய்மாமன் முன்னுக்கு நிற்க வேண்டும். எங்கள் வீடுகளில் அப்படித்தான். மனைவிக்கு இருக்கிறதே இந்த ஒரு அண்ணன்தான். மற்றவர்கள் இல்லை. அதை நான் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. வன்னியில் இருக்கிறவர்களுக்கு எழுதாமலே தெரியும்.

மகளுக்கு அவளுடைய கவலை. "மாமா வராட்டி அம்மா அழுதுகொண்டுதான் நிப்பா அப்பா. அல்பம் முழுக்க அதுதான் வரும்," என்றாள்.

மனைவி வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"எல்லாம் கத்தியைக் கையில குடுத்ததாலதான்."

"களப்பு இழுத்துக்கொண்டு போகுது. பலகை தேடவோ?"

"காலடியிலதானே பலகை."



அவளே வழியும் கண்டுபிடித்தாள். கையில் கொடுத்ததைத் திரும்ப ஒழுங்காக வைத்து எடுக்க வேண்டுமாம். முதலில் அவர் வைக்க வேண்டும், நான் எடுக்க வேண்டும். பிறகு நான் வைக்க வேண்டும், அவர் எடுக்க வேண்டும். சரிக்குச் சரியாகிவிடுமாம். இதை அவள் மச்சாளுக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, போனில் சொன்னாள். மச்சாள் மச்சானுக்குச் சொன்னார். ஆம்பிளைகள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமலே நாள் குறித்தாயிற்று. இடம் வவுனியா பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை.

கொக்கிளாயில் பஸ் ஏறி முல்லைத்தீவு. முல்லைத்தீவில் மாறி வவுனியா. வெயில். இருக்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில் ஒரு கத்தியை மேசையில் வைக்க இவ்வளவு தூரம் போகிறவன் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். இல்லை. இன்னொருவரும் வந்திருந்தார்.

மச்சான் கடையில் மூலை மேசையில் இருந்தார். மெலிந்திருந்தார். மடியில் ஒரு பை.

"இருங்கோ," என்றார்.

வாடா, போடா போய் 'ங்கோ' வந்திருந்தது. மரியாதை வந்தால் எங்களுக்குள் ஒன்றும் சரியில்லை என்று அர்த்தம்.

இருந்தேன். பிளேன்ரீ வந்தது. மச்சான் பையில் இருந்து கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் எடுத்தேன். திறந்தேன். டக் என்று நின்றது. நன்றாகத் தீட்டியிருந்தார். பிடியைக்கூட மினுக்கியிருந்தார். நல்லாய் வச்சிருக்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை.

மடித்துத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"எடுங்கோ," என்றேன்.

"அது உங்கட சாமான்."

"வச்சிட்டன். எடுங்கோ."

"எனக்கு மண்வெட்டி போதும்."

அவ்வளவுதான். கத்தி நடுவில் கிடந்தது. அவர் சுவரைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். மனைவி போன் எடுத்தாள். "எடுத்திட்டாரோ?" என்றாள். "இன்னும் இல்லை," என்றேன். மச்சானுக்கும் போன் வந்தது. அவரும் "இன்னும் இல்லை" என்றார். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். கத்தியை நடுவில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிற இரண்டு பேரை வேறு எப்படிப் பார்ப்பது?

"முல்லைத்தீவு... முல்லைத்தீவு..." வெளியில் பஸ் பெடியன் ஒருவன் கூப்பிட்டான். அதை விட்டால் எனக்குக் கொக்கிளாய் பஸ் இல்லை. எழும்பினேன். மச்சானும் எழும்பினார். மடியில் இருந்த பையை நீட்டினார். "தங்கச்சிக்கு. உழுந்து." வாங்கினேன். நான் போன பிறகு அவர் எடுப்பார் என்று நினைத்தேன். என் கண்ணுக்கு முன்னால் எடுக்க ரோசம் விடாது, பாவம், ஆறுதலாக எடுக்கட்டும் என்று திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

பின்னேரம் வீட்டு வாசலில் மனைவி நின்றாள்.

"கத்தி?"

"அவரிட்ட."

அவள் முகம் தெளிந்தது. உழுந்தைக் கொண்டு குசினிக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மச்சாள். கேட்டுக்கொண்டு நின்றவள் என்னைப் பார்த்தாள்.

"கத்தியை நீங்கள் எடுத்துக்கொண்டு போனதெண்டு அண்ணன் சொல்றாராம்."

"நானோ?"

அங்கே யாரோ போனைப் பறிக்கிற சத்தம். பிறகு மச்சானின் குரல், வீடு முழுக்கக் கேட்டது.

"டேய்! நீ எடுக்கேல்லையோ?"

நான் போனை வாங்கினேன். "நான் எதுக்கு எடுக்கிறது? வச்சவன் எடுக்கிறதில்லை. நீதான் எடுக்க வேணும்."

"நான்தான் மாட்டன் எண்டு சொன்னனே. மாட்டன் எண்டால் நீ எடுத்துக்கொண்டு போறதுதானே?"

"உன்ர ரோசத்தில நீ விட்டிட்டுப் போனது."

"உன்ர ரோசத்தில நீ விட்டிட்டுப் போனது. விசரன்."

"நீ விசரன்."

அண்ணன் 'டேய்' என்றதை மனைவியும் கேட்டாள். உழுந்தை ஒரு தட்டில் கொட்டிக் கல்லுப் பொறுக்கக் குந்தினாள்.

அடுத்த நாள் விடிய மச்சான் வவுனியாவுக்குப் போனார். அங்கிருந்து போன் எடுத்தார். "கடைக்காரர் இல்லை எண்டுறார்." குரல் இறங்கியிருந்தது. அன்றைக்கே சலூன்காரர் அவரைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தார். 'காணவில்லை' என்று கத்திப் படத்தைப் போட்டார்கள். கண்டக்டர் தன்னுடைய பஸ்ஸில் எல்லா சீட்டுக்குக் கீழும் பார்த்தேன் என்று எழுதினார். நாங்கள் இரண்டு பேருமே அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

அன்று தொடங்கிய போன்தான். ஒவ்வொரு நாளும். கத்தி பற்றிக் கேட்பார். பிறகு பந்தலுக்கு ஆள் சொல்லியாயிற்றோ என்பார். வாழைமரம் தான் கொண்டு வருகிறேன் என்பார். போன கிழமை சொன்னார்: "கலியாணத்துக்கு ரெண்டு மூண்டு நாள் முந்தி வாறன். உன்ர வள்ளத்துக்குள்ளயும் ஒருக்காத் தேட வேணும்."

வவுனியாவில் தொலைந்த கத்தி வள்ளத்துக்குள் எப்படி வரும்? நான் கேட்கவில்லை.

முந்தநாள் சப்பாத்து வாங்க வவுனியாவுக்குப் போனேன். புதுச் சப்பாத்தோடு நடந்து கால் நொந்தது. அதே கடைக்குள் போய் இருந்தேன். கடைக்காரர் தேத்தண்ணிக்குப் பிழியத் தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் மாட்டுக் கொம்புப் பிடி. வட்ட நுனி.

என்னைக் கண்டதும் அவருக்குக் கை நின்றது.

"கண்டிட்டியள். இனி மறைச்சு என்ன? மற்றவர் அடுத்த நாளே வந்தவர். இந்தாங்கோ எண்டு வச்சன். கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு, 'இருக்கட்டும், நீங்கள் பாவியுங்கோ. அவர் வந்து கேட்டால் இல்லை எண்டு சொல்லுங்கோ' எண்டிட்டுப் போட்டார்."

கத்தியைத் துணியால் துடைத்தார். என் கையில் தரவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான்.

பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேசிக்காய்க்கு நல்லதோ?" என்று கேட்டேன்.

"நல்ல கத்தி. நுனி இல்லாதபடியால் கையில குத்தாது."

ஓம். இப்போது பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

"இருக்கட்டும்," என்றேன். "நான் வந்ததெண்டு அவருக்குச் சொல்லாதையுங்கோ."

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட நேரமில்லை, போன் அடித்தது.

"டேய், கிடைச்சுதோ?"

"இல்லை மச்சான். தேடுவம்."

அவர் இந்தப் பேப்பர் வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் பூவரசங்குளம் பக்கம் போனால் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு போங்கள் — கலியாணம் முடியும் மட்டுமாவது.